கீழே இறங்காத பார்வை: பார்க்கின்சன் வகை நோய்களில் விழியசைவும் புத்தித் தடுமாற்றமும்

கன்னடியன் கால் எழுதியது:

சேரன்மகாதேவியில் இருக்கும் என் பெரியப்பாவைப் பற்றிய சந்தேகம் ஒன்றை இங்கே வைக்கிறேன். அவருக்கு வயது 71. கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடை சுருங்கியது, கழுத்து விறைத்தது, பேச்சு கம்மியது என்று தொடங்கிய தொல்லைக்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொல்லி லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் என்பது அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மாத்திரையால் சொல்லும்படியான பலனும் இல்லை. இதற்கிடையே அடிக்கடி விழத் தொடங்கினார். அதுவும் பெரும்பாலும் பின்பக்கமாக.

எனக்குப் பிடிபடாதது கண் விஷயந்தான். கண்புரை அறுவை முடிந்துவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசிக்கிறார். பார்வையில் குறையில்லை என்றே சொல்லிக் கண்ணாடியை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், இலையின் மேல்பாதியில் வைத்த அவியலும் கூட்டும் காலியாகின்றன. தம் நெஞ்சுப் பக்கம் கிடக்கும் சோறு அப்படியே இருக்கிறது. சோறு வைக்கவில்லை என்று பெரியம்மாவிடம் கோபித்துக்கொள்கிறார். ஆற்றுப் படித்துறையில் இறங்கும்போது அடுத்த படி எங்கே என்று காலால் துழாவுகிறார்.

கூடவே ஆளும் மாறிப் போனார். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது. ஆனால் வந்த பதில் சரியாகவே இருக்கிறது. நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தபோதுகூட முகத்தில் மாற்றம் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் திடீரென்று துள்ளி எழுந்து விழுகிறார். இது மறதிநோய் என்று வீட்டில் சிலரும், கண்கோளாறு என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வர முடியுமா?


பாளை நரம்பியல் எழுதியது:

அண்ணாச்சி, ஆளைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது முறையன்று. எனவே பெரியப்பாவுக்கு இன்னதுதான் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் கடைசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. முடியும்.

நாம் ஒன்றைவிட்டு இன்னொன்றைப் பார்க்கும்போது விழி நகர்ந்து செல்வதில்லை, ஒரே வீச்சில் தாவுகிறது. மருத்துவத்தில் இதைச் சாக்கேடு என்பார்கள்; நான் விழித்தாவல் என்றே எழுதுகிறேன். ஒரு பொருள் கண்ணில் பட்டதிலிருந்து தாவல் தொடங்க ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். தொடங்கிவிட்டால், பெரிய தாவல்களில் வேகம் நொடிக்கு 500 பாகையையும் எட்டும். ஆகவே ஒரு தாவலில் தனித்தனியே பார்க்க வேண்டியவை பல: எவ்வளவு தாமதமாகத் தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் போனது, எட்ட வேண்டிய தூரத்தை ஒரே எட்டில் எட்டியதா, போகக் கூடாது என்று சொன்ன இடத்துக்கும் போய்விட்டதா. பார்க்கின்சன் வகை நோய்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் வெவ்வேறு இடத்தில் கை வைக்கின்றன.

நடுமூளையின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு மேடு தாவலுக்கான உத்தரவை அனுப்புகிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் கரும்பகுதியின் ஒரு பாகம் அந்த மேட்டின்மீது எந்நேரமும் தடை போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கன்னடியன் கால்வாயில் மதகுப் பலகையை இறக்கியே வைத்திருந்து, தண்ணீர் பாய வேண்டிய வயலுக்கு மட்டும் தூக்கிவிடுவதைப் போல, நெற்றிப் பகுதி மூளை ஓர் இடத்தைப் பார்க்க முடிவு செய்யும் கணத்தில் காடேட் என்ற அடிமூளைப் பகுதி அந்தத் தடையை விலக்குகிறது. குரங்குகளின் மூளையில் மின்முனை வைத்து இதைப் பதிவு செய்து, 1983-இல் ஹிகோசாக்கா, வுர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட கட்டுரைகள்தான் இந்தத் துறைக்கு அடித்தளம்.

டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்த சாதாரணப் பார்க்கின்சன் நோயில் அந்தத் தடை தேவைக்கு மேல் அழுத்துகிறது. எனவே தாவல் குறுகுகிறது. ஒரே எட்டில் போக வேண்டிய இடத்துக்கு விழி இரண்டு மூன்று எட்டு வைத்துப் போகிறது. அதுவும் தாமாக நினைத்துச் செய்யும் தாவலில்தான் குறை தெரியும். ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்ததும் அதன்பக்கம் தானாகத் திரும்பும் தாவல் நோயின் தொடக்கத்தில் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்.

இன்னொரு நோய் உண்டு. டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி ஆகிய மூவரும் 9 நோயாளிகளை வைத்து 1964-இல் விவரித்தது, பெயர் புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி; சுருக்கமாகப் பி.எஸ்.பி. என்கிறோம். டௌ என்ற புரதம் மூளைச் செல்களில் படிந்து, நடுமூளையில் மேலும் கீழுமான தாவல்களை உண்டாக்கும் நரம்புச் செல்களையே அழிக்கிறது. அங்கே மதகில் மட்டும் பழுது இல்லை. வாய்க்காலே தூர்ந்து போகிறது. தாவல் குறுகுவதோடு வேகமும் குறைகிறது, பிறகு கீழ்நோக்கும் பார்வையே நின்றுபோகிறது. கிடைமட்டத் தாவல்களை உண்டாக்கும் செல்கள் இன்னும் கீழே, பான்ஸ் என்ற பகுதியில் இருப்பதால் பக்கவாட்டுப் பார்வை வெகுநாள் தப்பிக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 1964-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே செங்குத்துப் பார்வை முடக்கம், புத்தித் தேய்வு இரண்டும் இடம்பெறுகின்றன.

புத்தியில் ஏற்படும் மாற்றமும் இதே சுற்றிலிருந்து வருவதுதான். காடேட்டிலிருந்து நெற்றி மூளைக்குச் செல்லும் பாதைகள் பல. ஒன்று கண்ணுக்கு, ஒன்று திட்டமிடலுக்கு, ஒன்று ஊக்கத்துக்கு. அவை அடுத்தடுத்து ஓடுவதால் ஒன்று கெடும்போது மற்றதும் கெடுவது வியப்பில்லை. எண்ணம் மந்தமாவது, எதிலும் ஆர்வம் அற்றுப்போவது, அடக்க வேண்டியதை அடக்க முடியாமல் போவது, ஆனால் நினைவூட்டினால் சரியாகச் சொல்வது: 1974-இல் ஆல்பர்ட்டும் உடனிருந்தவர்களும் பி.எஸ்.பி. நோயாளிகளிடம் கண்டு, மூளையின் மேலுறையான புறணிக்குக் கீழே தோன்றும் புத்தித் தேய்வு என்று வகுத்தது இதைத்தான். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் தம் சிறு நூலில் 6 பேரைப் பற்றி எழுதியபோது, புலன்களுக்கும் அறிவுக்கும் சேதமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்; அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. அந்த வரியின் நிழல் இன்றும் மருத்துவர்களின் மனத்தில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு கேள்வி. பெரியப்பா வயிற்றுப் பொருமலுக்கோ கிறுகிறுப்புக்கோ நெடுநாளாக ஏதேனும் மாத்திரை போடுகிறாரா? லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு, சின்னரிசின், ஃப்ளூனரிசின் ஆகிய மருந்துகள் பார்க்கின்சன் போலவே விறைப்பையும் மந்தத்தையும் உண்டாக்கும். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.


மேலப்பாளையம் கண்ணொளி எழுதியது:

கண் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எழுத்துப் பலகை, நிற்கும் கண் எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்லும். நகரும் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பலகை நேர் எதிரே, கண் மட்டத்தில் தொங்குகிறது. கீழ்நோக்கிப் பார்க்கவே முடியாத ஒருவரும் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இதைப் பார்ப்பதற்குக் கருவி வேண்டாம். நோயாளியின் முன் உட்கார்ந்து, ஒரு கையை அவர் நெற்றிக்கு மேலும் இன்னொரு கையை நெஞ்சளவிலும் நீட்டி, தலையை அசைக்காமல் மேல்விரலையும் கீழ்விரலையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல கண்ணின் தாவலை நம் கண்ணால் பின்தொடர முடியாது. இங்கிருந்தது, அங்கே போய்விட்டது என்றுதான் தெரியும். அது போகும் வழி நமக்குத் தெரிகிறது என்றாலே வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். சிலருடைய விழி நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து சுற்றிக்கொண்டு இறங்கும். அதுவும் ஓர் அடையாளமே.

பிறகு, என் மூக்கையே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் தலையை மெல்லப் பின்பக்கம் சாய்க்க வேண்டும். பார்வை என் மூக்கில் நின்றால், விழி தன் குழிக்குள் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். தாமாக இறக்க முடியாத விழி இப்படி இறங்கினால் தசைக்கும் நரம்புக்கும் பழுதில்லை; உத்தரவு கொடுக்கும் இடத்தில்தான் பழுது. கழுத்து விறைத்தவர்களிடம் பலவந்தம் கூடாது.

கோடு போட்ட துண்டு ஒன்றும் எப்போதும் என்னிடம் இருக்கும். குறுக்குக் கோடுகள் உள்ள துண்டைக் கண்ணெதிரே மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தால், விழி ஒரு கோட்டைப் பிடித்துக் கூடவே இறங்கி, சட்டென்று மேலே தாவி அடுத்த கோட்டைப் பிடிக்கும். கீழிருந்து மேலாக இழுத்தால் இதற்கு எதிர்மாறாக நடக்கும். பி.எஸ்.பி. உள்ளவரின் கண் கோட்டோடு போய்விடும், திரும்பித் தாவாது. தாவச் சொல்லி வாயால் விளங்க வைக்க முடியாதவர்களிடமும் இது பலிக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களில் பலருக்கு மேல்நோக்கும் பார்வை இயல்பாகவே குறையும். மேலே பார்க்க முடியவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை. கீழே இறங்காததும் வேகம் குறைவதும்தான் கணக்கு. கண் சிமிட்டலையும் எண்ணிப் பாருங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை சிமிட்டும் கண், இந்த நோயில் 3, 4 என்று இறங்கிவிடுவதுண்டு. முறைத்துப் பார்க்கிறார் என்று வீட்டார் சொல்வதற்கும் கண் எரிச்சலுக்கும் பாதிக் காரணம் அது.


முக்கூடல் மகள் எழுதியது:

டாக்டர் அவர்களிடம் என் அம்மாவைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். அம்மா இளவயதிலிருந்து பீடி சுற்றியவர். இலையை வெட்டித் தூளை வைத்து உருட்டி நூல் கட்டும் வரை தட்டைப் பார்க்கவே மாட்டார், விரல்களே பார்த்துக்கொள்ளும். இப்போது இலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று விழிக்கிறார். ஒரு நாள் தெளிவாக இருக்கிறார், மறுநாள் எங்களையே தெரியவில்லை. திண்ணையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போடச் சொல்கிறார். உடல் விறைப்பு இதற்குப் பின்னால்தான் வந்தது.

ஓரிடத்தில் நினைவுச் சோதனை வைத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள், கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள், எண்ணையும் எழுத்தையும் கோட்டால் இணைக்கச் சொன்னார்கள். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பென்சிலைப் பிடித்துப் பல காலம் ஆகிறது. மதிப்பெண்ணைப் பார்த்து முற்றிய மறதிநோய் என்று எழுதிவிட்டார்கள். பிறகு ஓர் இரவு அம்மா கூச்சலிட்டபோது வேறொரு மருத்துவமனையில் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற ஊசி போட, மறுநாள் உடம்பு கட்டையாகிப் போனது. எழுந்து உட்காரவே வெகுநாள் ஆயிற்று. படிப்பில்லாத ஒருவரின் புத்தியைக் கண்ணைக் கொண்டு அளக்க முடியுமா?


பாளை நரம்பியல் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதில் மூன்று செய்திகள் உள்ளன: நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, இல்லாத ஆட்களைப் பார்ப்பது, உடல் விறைப்புக்கு முன்பே வந்த புத்திக் குழப்பம். லூயி உடல் எனப்படும் புரதப் படிவு கொண்ட புத்தித் தேய்வு என்ற நோயை இவை நினைவூட்டுகின்றன. உடல் விறைப்பு வந்து ஓராண்டுக்கு மேல் கழித்துப் புத்தி தடுமாறினால் பார்க்கின்சன் நோயின் தொடர்ச்சி என்றும், முன்பே அல்லது ஓராண்டுக்குள் தடுமாறினால் லூயி உடல் வகை என்றும் பிரிப்பது வழக்கம். உள்ளே நடப்பது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. இந்த நோயில் ஹாலோபெரிடால் பெருங்கேடு விளைவிக்கும். அம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தூக்கத்தில் கத்துவது, கையை வீசி அடிப்பது பல ஆண்டுகளாகவே உண்டா என்பதையும் உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கண். எதிர்த்தாவல் சோதனை என்று ஒன்று உண்டு. 1978-இல் ஹாலெட் என்பவர் கொண்டுவந்தது. நோயாளியின் இரு பக்கமும் என் கைகளை நீட்டி, எந்தப் பக்கம் விரல் அசைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அசைவு கண்ணை இழுக்கும். அந்த இழுப்பை அடக்கிவிட்டு, ஒன்றுமில்லாத வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். அடக்குவது நெற்றி மூளையின் வேலை. எழுத்து வேண்டாம், பென்சில் வேண்டாம், எண் தெரிய வேண்டாம். விதியை விளங்கிக்கொண்டால் போதும். புரிந்துகொண்டார் என்பதும் தெரிந்துவிடும். தவறான பக்கம் பார்த்துவிட்டுத் தாமாகவே திருத்திக்கொண்டு மறுபக்கம் பார்ப்பவர் விதியை மறக்கவில்லை, அடக்கத்தான் முடியவில்லை. திருத்தவே செய்யாதவரின் நிலை வேறு. நோட்டில் இந்த இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் குறிப்பேன்.

விளக்கைக் கண்டதும் தானாகத் திரும்பும் தாவலிலும் செய்தி உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், புத்தி தெளிவாக இருந்த பார்க்கின்சன் நோயாளிகளிடம் அந்தத் தாவல் பெருமளவு காப்பாற்றப்பட்டிருக்க, புத்தித் தேய்வு வந்த பார்க்கின்சன் நோயாளிகளிடமும் லூயி உடல் வகையினரிடமும் அதுவே தாமதமாகியிருந்தது. நெற்றி மூளையைத் தாண்டிப் பக்கவாட்டுப் புறணிக்கும் நோய் பரவியதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம். இந்தத் தாமதத்தை வெறுங்கண்ணால் அளக்க முடியாது. அகச்சிவப்புக் காமிராவால் விழியைப் பதிவு செய்ய வேண்டும்.

நம் வட்டாரத்தில் பீடி சுற்றியும் பாய் முடைந்தும் வயல் வேலை பார்த்தும் வாழ்ந்த ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் காகிதச் சோதனையைவிடக் கண் சோதனை நியாயமானது என்பதே என் கருத்து.


டவுண் உளவியலாளர் எழுதியது:

டாக்டர் சொன்ன கடைசி வரியை நான் பாதிதான் ஏற்கிறேன்.

காகிதச் சோதனைகளை நடத்துவதே என் தொழில். மோக்கா என்ற சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைந்த படிப்பு உள்ளவருக்கு 1 மதிப்பெண் கூட்டித் தருவோம். இரண்டாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அந்த ஒற்றை மதிப்பெண் சமமாக்கிவிடும் என்று நம்புவது பேதைமை. ஆனால் படிப்பைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இதில் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. கோடு இணைப்பது, கனசதுரம், கடிகாரம் ஆகியவற்றுக்கு 5. விலங்குப் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வதற்கு 3. ஆக 8 மதிப்பெண் விழி நகர்ந்தால்தான் கிடைக்கும். கன்னடியன் கால் எழுதிய பெரியப்பாவின் முன் அந்தத் தாளை மேசைமேல் வைத்தால், தாளின் கீழ்ப்பகுதி அவருக்கு இல்லாத உலகம். அவர் இழப்பது புத்திக்கான மதிப்பெண்ணா, விழிக்கான மதிப்பெண்ணா? கணக்கில் இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன.

எனவே பி.எஸ்.பி. சந்தேகம் உள்ளவர்களுக்கு நான் தாளை மேசையில் வைப்பதில்லை. அவர்கள் கண் மட்டத்தில் ஒரு சாய்பலகையில் குத்திப் பிடிக்கிறேன். பார்வையில்லாதவர்களுக்கென்று மோக்காவிலேயே 22 மதிப்பெண் கொண்ட வடிவம் ஒன்று உண்டு. படிப்புக் குறைந்தவர்களுக்கென்றும் தனி வடிவம் உண்டு. கேட்டு வாங்கலாம். ஒரு நிமிடத்துக்குள் ‘க’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வேன். பி.எஸ்.பி. நோயாளி இரண்டு மூன்றோடு நின்றுவிடுவார். படிப்பில்லாதவரிடம் எழுத்துக்குப் பதில் காய்கறிப் பெயரோ ஊர்ப் பெயரோ கேட்பேன். மூன்று முறை மட்டும் கை தட்டுங்கள் என்பேன். நிறுத்த முடியாமல் நாலு, ஐந்து என்று தட்டிக்கொண்டே போவதும் அடக்கும் திறன் தளர்ந்ததற்கு அறிகுறி. அது பி.எஸ்.பி.க்கு மட்டும் உரியதன்று. மற்ற நோய்களிலும் வரும்.

இதே கேள்வியை எதிர்த்தாவலிடமும் கேட்க வேண்டும். நல்ல உடல்நிலை உள்ளவர்களே அதில் சில முறை தவறுவார்கள். வயது ஏற ஏறத் தவறு கூடும். மனச்சிதைவு நோயிலும் அல்சைமர் நோயிலும் கூடும். தாவல் வேகமே செத்துப்போன கண்ணில் எதிர்த்தாவலைப் பார்த்துப் புத்தியை அளப்பது, உடைந்த கையால் எழுதவைத்துக் கையெழுத்துக்கு மதிப்பெண் போடுவதுதான். விழியின் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே விழியைப் புத்திக்குச் சாட்சியாக அழைக்க வேண்டும்.


பாளை நரம்பியல் எழுதியது:

மறுக்க முடியாத நியாயம். வேகத்தையும் வீச்சையும் முதலில் பார்த்துக் குறித்துவிட்டு அடக்கும் திறனுக்குப் போவது என்ற வரிசையை எங்கள் முதுநிலை மாணவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். ஆனால் முக்கூடல் அம்மாவுடைய நோய் வகையில் தாவலின் வேகம் பெரும்பாலும் கெடுவதில்லை என்பதால், அங்கே சாட்சி நம்பகமானதே.

பார்க்கின்சன் வகையில் மற்ற இரண்டு நோய்களையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு பக்கக் கை மட்டும் சொல்பேச்சுக் கேளாமல் போகும் கார்டிகோபேசல் நோயில் தாவல் தொடங்கத் தாமதமாகும். தொடங்கிவிட்டால் வேகம் சரியாக இருக்கும். மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி, சுருக்கமாக எம்.எஸ்.ஏ. என்ற வகையில் விழி நிலையாக நில்லாமல் சிறுசிறு உதறல் காட்டும். புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். 50 வயதுக்கு உட்பட்டவருக்கு இவ்வகைத் தொல்லை வந்தால் உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயைப் பார்க்காமல் வேறெதையும் பேசக் கூடாது. கருவிழி ஓரத்தில் செம்பு படிந்த வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.


குறுக்குத்துறை சித்த மருத்துவர் எழுதியது:

பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது ஆய்வகத்தில் உறுதியானது. ஆனால் இந்த இழையில் பேசப்படும் இருவருக்கும் நான் அதைக் கொடுக்க மாட்டேன். விதைக்கு விதை சரக்கின் அளவு மாறும். மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் இல்லாததைப் பார்ப்பதும் புலம்புவதும் கூடும். முக்கூடல் தங்கைக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பூனைக்காலிப் பொடி இப்போது கடையில் யாரும் கேட்காமலே கிடைக்கிறது.

இன்னொன்று. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் முள் சீத்தாப் பழத்தையும் அதன் இலைக் கஷாயத்தையும் புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லி மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். கரீபியக் கடலில் பிரான்சுக்கு உரிய குவாடலூப் தீவில், லெவோடோபாவுக்கு மசியாத பார்க்கின்சன் வகை நோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதாக 1999-இல் ஓர் அறிக்கை வந்தது. அவர்களில் பலருக்குப் பி.எஸ்.பி. போன்ற விழி முடக்கமும் நெற்றி மூளைத் தேய்வும் இருந்தன. இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உட்கொண்ட பழக்கமும் இருந்தது. அதில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் கெடுப்பதாக எலிகளில் காட்டினார்கள். பழந்தான் காரணம் என்று முடிவு கட்டவில்லை. என்றாலும், எப்போதோ ஒரு பழம் தின்பது வேறு, தினமும் இலையை அவித்துக் குடிப்பது வேறு. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சை எங்கள் துறைக்காரர்களே முதலில் நிறுத்த வேண்டும்.


வண்ணார்பேட்டை நடைப்பயிற்சி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். விழுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்க்கின்சன் நோயாளியின் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராதபோது, தரையில் குறுக்கே பட்டை ஒட்டி, அதைத் தாண்டச் சொல்வோம். நல்ல பலன் தரும். இதையே கீழ்ப்பார்வை நின்றுபோன பி.எஸ்.பி. நோயாளியின் வீட்டிலும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அவர் பார்க்காத இடத்தில் எந்த நிறத்தில் பட்டை ஒட்டி என்ன பயன்? அவருக்கு வேண்டியது கைக்கு எட்டும் பிடி. படிக்கட்டின் இரு பக்கமும் கம்பி, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நேரே கையில் தட்டுப்படும்படி ஒரு முடிச்சு. இரட்டைக் குவியக் கண்ணாடியை நடக்கும்போது போடக் கூடாது. கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் விழி கீழே இறங்க வேண்டுமே; இறங்காத விழிக்கு அந்தக் கண்ணாடியால் பயனில்லை. பின்பக்கமாக விழுபவருக்குச் சாதாரணக் கைத்தடி போதாது. முன்பக்கம் எடை கூட்டிய நடைச் சட்டம் வேண்டும்.

துள்ளி எழுந்து விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிடிவாதமும் அன்று, மறதியும் அன்று. எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் எழுவதற்கும் நடுவில் இருக்க வேண்டிய தடுப்பு அவரிடம் இல்லை. கண்ணை அடக்க முடியாத அதே குறைதான் காலிலும் தெரிகிறது. ஆகவே, பார்த்து எழுந்திரு என்று நாள் முழுவதும் சொல்வதில் பயனில்லை. தண்ணீர்ச் செம்பு, தொலைக்காட்சிக் கருவி, விசிறி, கழிப்பறைக்குப் போகும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் எழ வேண்டிய காரணங்களே குறையும்.


கன்னடியன் கால் எழுதியது:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. நரம்பியல் மருத்துவரிடம் பெரியப்பாவைக் காட்டினோம். மேலப்பாளையம் பாய் எழுதியபடியே விரலை மேலும் கீழும் வைத்துப் பார்த்தார். விழி கீழே வரவில்லை, தலையைச் சாய்த்தபோது வந்தது. பக்கவாட்டில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் நடுமூளை மெலிந்து தேன்சிட்டின் வடிவத்தில் தெரிவதைக் காட்டி, பி.எஸ்.பி.யாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்றார். இது ஒரு லட்சம் பேரில் 5 முதல் 7 பேருக்கே வரும் நோய், அதனால் பலமுறை தப்பிப்போகிறது என்றும் சொன்னார். மருந்துச் சீட்டுகளைத் தேடியதில், வயிற்று எரிச்சலுக்கான மாத்திரையோடு லெவோசல்பிரைடும் சேர்ந்திருந்தது தெரிந்தது, அதை நிறுத்திவிட்டார். அதனால் நோய் போகாது, ஆனால் அதன்மேல் ஏற்றி வைத்திருந்த பாரம் குறையும் என்றார். பெரியப்பாவின் புத்தி சேதமாகவில்லை, மெதுவாகிவிட்டது. கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள் என்றும் அறிவுரை சொன்னார். காத்திருந்தால் பதில் வரத்தான் செய்கிறது.

இனி இரண்டு கேள்விகள். கீழே பார்ப்பதற்கென்று பட்டகக் கண்ணாடி உண்டு என்கிறார்களே, அது உதவுமா? சில நேரங்களில் இமையை மூடியவர் திறக்க முடியாமல் தவிக்கிறார். அதற்கு என்ன செய்வது?


முக்கூடல் மகள் எழுதியது:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு நடுக்கத்துக்கென்று டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதுவும் புத்தியைக் கெடுக்குமா?


பாளை நரம்பியல் எழுதியது:

கெடுக்கும். அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. லூயி உடல் நோயில் ஏற்கெனவே பற்றாக்குறையாக இருப்பதும் அதே பொருள்தான். புத்தித் தேய்வுக்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் இதற்கு நேர்மாறாக அந்தப் பொருளைக் கூட்டுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் புத்தித் தேய்வில் அது ஓரளவு பலன் தருவதை 2004-இல் வெளியான பெரிய சோதனை காட்டியது. ஒரே ஆளுக்கு இரண்டையும் எழுதிய சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்களாக டிரைஹெக்ஸிபெனிடிலைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதை உங்கள் மருத்துவரே செய்யட்டும்.


மேலப்பாளையம் கண்ணொளி எழுதியது:

பட்டகக் கண்ணாடியை, பட்டகத்தின் அடிப்பக்கம் கீழே வருமாறு இரண்டு கண்ணுக்கும் வைத்தால், கீழே இருப்பதன் பிம்பம் மேலே ஏறித் தெரியும். உட்கார்ந்து சாப்பிடவும் நாளிதழ் பார்க்கவும் சிலருக்கு உதவும். பலர் தலை சுற்றுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்கள். எனவே பணம் கொடுத்துச் செய்வதற்கு முன், கண்ணாடிமேல் ஒட்டி எடுக்கக்கூடிய மெல்லிய பட்டகத் தகட்டை ஒட்டிச் சில நாள் பழக்கிப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. தரை இருக்கும் இடம் மாறித் தெரியும். வாசிப்பதற்குத் தனிக் கண்ணாடி, தூரத்துக்குத் தனிக் கண்ணாடி என்று இரண்டாகப் பிரித்து வாங்குங்கள்.

இமை திறக்காமல் போவதற்கு, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியை இமையோரத் தசையில் மிகச் சிறிய அளவில் போடுவார்கள். பலன் மூன்று மாதம் போல நிற்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும். பழகிய கை போட வேண்டிய ஊசி அது. அதுவரை, திறக்காத நேரத்தில் புருவத்துக்கு மேலே விரலால் இலேசாகத் தடவிக் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு அந்தத் தொடுகையிலேயே இமை திறக்கும். சிமிட்டல் குறைந்த கண் காய்ந்துபோகும் என்பதால், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பகலிலும் களிம்பைப் படுக்கும்போதும் போட்டு வாருங்கள். தொலைக்காட்சி தாழ்வான பெஞ்சின் மேல் இருந்தால் எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். அவர் உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.